தையற்காரருக்கு ஏறிய எட்டுக் கிலோ

வாயில் ஒரு பருக்கைகூடப் போகாமல் ஒரே ராத்திரியில் ஒரு மனிதன் இரண்டரைக் கிலோ ஏறுவானா?

தீவிர சிகிச்சைப் பிரிவின் மருந்தாளர், நாலாம் கட்டிலின் கால்மாட்டில் மின்னிய எண்ணை மூன்றாவது முறையாகக் குனிந்து பார்த்தார். அறுபத்து மூன்றரை. நேற்றுக் காலை அறுபத்தொன்று. படுத்தவரை எழுப்பாமலே எடை சொல்லும் புதுக் கட்டில் அது. அதில் கிடந்தவர் ஒரு தையற்காரர். நிமோனியாவில் மூச்சுத் திணறி வந்தவர். முகத்தில் ஆக்ஸிஜன் மூடியோடு கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தார்.

மருந்தாளருக்கு நர்ஸுகள் வைத்திருந்த பெயர் 'சந்தேகம் சார்'. டாக்டர் எழுதியதை அப்படியே ஒப்புக்கொண்ட சரித்திரம் அவருக்குக் கிடையாது. அளவு சரியா, சிறுநீரகம் தாங்குமா, இந்த மருந்துக்கும் அந்த மருந்துக்கும் ஆகுமா என்று குடைந்தெடுப்பார். குடைந்ததில் இரண்டு மூன்று பேர் பிழைத்தும் இருக்கிறார்கள். அதனால்தான் பெரிய டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அவரைப் பக்கத்தில் வைத்திருந்தார்.

நேற்றும் அவர் சும்மா இருக்கவில்லை. கிருமிக்கான மருந்தை ஒரே தள்ளாக ஏற்றாமல், அளந்து தள்ளும் பம்ப் மெஷின் வைத்து நாலு மணி நேரம் மெதுவாக விடச் சொன்னார். பம்ப் வந்தது. காய்ச்சல் இறங்கியது. எடை ஏறியது.

"உடம்புல தண்ணி சேருது," என்றார் டாக்டரம்மா. "என்ன பண்ணலாம், சொல்லுங்க."

"நீர் பிரியுற மருந்து குடுக்கலாம் டாக்டர். ஆனா ஊசியா வேணாம், பிரஷர் விழுந்துடும். இன்னொரு பம்ப்ல சொட்டுச் சொட்டா விடலாம்."

விட்டார்கள். சாயங்காலத்துக்குள் சிறுநீர்ப் பை நிரம்பியது. மருந்தாளர் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை, அறுபத்தைந்து.

"ஒரு லிட்டர் வெளிய போயிருக்கு சிஸ்டர். ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கு. இது எந்த ஊர்க் கணக்கு?"

"கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது சார். கட்டில் சொல்லுது, நான் எழுதுறேன்."

மருந்தின் அளவை ஏற்றச் சொன்னார். ஏற்றினால் சிறுநீரோடு பொட்டாசியமும் போய்விடும். போனால் இதயம் தாளம் தப்பும். அதை ஈடுகட்டப் பொட்டாசியத்துக்கு ஒரு பம்ப் வந்தது.

பதினோரு மணிக்குப் பார்வையாளர் நேரம். தையற்காரரின் மனைவி வந்ததும் வராததுமாக மருந்தாளரைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அவரு தண்ணி தண்ணின்னு சைகை காட்டுறாரு."

"குடுக்கக் கூடாதும்மா. உடம்பு பூரா தண்ணிதான் நிக்குது. வீங்கிட்டாரு."

"எங்க வீங்கிட்டாரு? கண்ணு ரெண்டும் குழி விழுந்து கெடக்கு. இடுப்பு ரெண்டு இஞ்சு எறங்கியிருக்கு. முப்பது வருஷம் அவரு கடையில காஜா எடுத்தவ நான். பாத்தாலே அளவு சொல்லிடுவேன்."

"வீக்கம் உள்ளுக்குள்ள இருக்கும்மா."

"உள்ள வீங்கினா வெளிய சுருங்குமா?"

"பாக்குறேம்மா," என்று சொல்லிவிட்டு நழுவினார்.

அன்று அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார், மூடினார். வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எடை மெஷின் மேல் ஏறினார். இறங்கினார். இன்னொரு சொம்பு குடித்துவிட்டு மறுபடி ஏறினார்.

"எத்தனை தடவை ஏறினாலும் அதே தொப்பைதாங்க காட்டும்," என்றாள் மனைவி.

மூன்றாம் நாள் அறுபத்தாறரை. அதோடு இரத்த அழுத்தம் சரிய ஆரம்பித்தது. அதைத் தூக்கி நிறுத்த ஒரு மருந்து, அதற்கு ஒரு பம்ப். சிறுநீர் குறைந்துகொண்டே வந்து, ராத்திரியோடு ஏறக்குறைய நின்றுபோயிற்று.

நாலாம் நாள் காலை கட்டில் அறுபத்தொன்பது என்றது. மருந்தாளர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"இந்தக் கட்டில் பொய் சொல்லுதுப்பா."

மெக்கானிக் பத்துக் கிலோ இரும்புக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து தையற்காரரின் காலருகே வைத்தான். எழுபத்தொன்பது. எடுத்தான். அறுபத்தொன்பது.

"கிராம் சுத்தமா இருக்கு சார். எதை வெச்சாலும் அப்படியே சொல்லுது. மனுஷங்களைவிட நேர்மை."

அவன் கட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டரம்மா பரிசோதனைத் தாளோடு வந்தார். சிறுநீரகக் கழிவின் அளவு இரத்தத்தில் இரண்டு மடங்காகியிருந்தது.

"கிட்னி கையை விரிச்சிடுச்சு சார். தண்ணி சேந்துக்கிட்டே போகுது, வெளியேற வழியில்ல. பன்னெண்டு மணிக்கு டயாலிசிஸ். மூணு கிலோவாவது இழுத்தாகணும்."

"பிரஷர் இந்த லட்சணத்துல இருக்கு. இழுத்தா தாங்குவாரா டாக்டர்?"

"தாங்காமலும் போகலாம். இழுக்காம விட்டா மட்டும்? வேற ஏதாவது தோணுச்சுன்னா பன்னெண்டுக்குள்ள சொல்லுங்க."

தையற்காரரின் மனைவியிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். அவள் அதை இரண்டாக மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"நீங்க சொல்லுங்க தம்பி," என்றாள் மருந்தாளரைப் பார்த்து. "நீங்க போடுன்னா போட்டுடுறேன். தெனமும் இவரைச் சுத்திச் சுத்தி வர்றது நீங்க ஒருத்தர்தான்."

போடு என்று சொல்ல மனம் வரவில்லை. போடாதே என்று சொல்லக் கையில் காரணமில்லை. "பத்து நிமிஷம் குடுங்கம்மா," என்றார். மணி பதினொன்று நாற்பது.

அவர் தாள்களைக் கட்டில் மேல் பரப்பினார். மருந்தைச் சந்தேகப்பட்டார். மருந்து கலந்த உப்பு நீரைச் சந்தேகப்பட்டார். ஒவ்வொரு மில்லியையும் கூட்டினால் உள்ளே போனதைவிட வெளியே வந்ததுதான் அதிகம். இரத்தப் பரிசோதனைக் கூடத்தைச் சந்தேகப்பட்டார். நர்ஸின் கையெழுத்தைச் சந்தேகப்பட்டார். கடைசியில் தன் படிப்பையே சந்தேகப்பட்டார். தையற்காரர் கையைத் தூக்கி, கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினார். தண்ணி.

"கொஞ்சம் தள்ளுங்க சார்," என்றாள், துணியும் மருந்து நீர் வாளியுமாக வார்டைத் துடைக்கும் பெண். அவர் இந்தப் பக்கம் வந்தார். அவள் இந்தப் பக்கம் துடைக்க வந்ததும் அந்தப் பக்கம் போனார்.

வாசலில் டயாலிசிஸ் மெஷின் சக்கரம் கிரீச்சிட்டு உள்ளே நுழைந்தது. மனைவி படிவத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்தின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டாள்.

"நாலு நாள்ல எட்டுக் கிலோ," என்று மருந்தாளர் யாரிடம் என்றில்லாமல் புலம்பினார். "சோறில்ல, தண்ணியில்ல. எங்கேர்ந்துதான் வந்துச்சு?"

துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஸ்டாண்டு பத்தலைன்னு, நீங்க எழுதுற பம்ப்பை எல்லாம் இந்தக் கட்டில் கம்பியிலதானே சார் மாட்டுறாங்க, தொடைக்கக் கழட்டினா ஒண்ணொண்ணும் ரெண்டரைக் கிலோ கனக்குது, கட்டில் என்ன ஆளை மட்டும் தனியாவா நிறுக்கும்?"