நாற்பத்தாறு கிலோ சுதந்திரம்

திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். ஜெனரேட்டரை நான்தான் தேர்ந்தெடுப்பேன்.

இதில் என்ன பெரிய வீரம் என்று கேட்பீர்கள். உங்களுக்கு எங்கள் வீட்டைத் தெரியாது. வீடு என்றால் கால்வாய்க் கரையில் கட்டிப் போட்டிருக்கும் படகு. ஐம்பதடி நீளம், ஆறரை அடி அகலம். அதில் உள்ள அடுப்பு, மெத்தை, திரைச்சீலை, நான் போடும் சட்டை எல்லாம் என் மனைவி பார்த்து வாங்கியவை. படகே அவள் பார்த்ததுதான். பதினெட்டு வருஷத்தில் நானாகத் தேர்ந்தெடுத்தது ஒரு குடை. அதையும் மறுநாளே கடையில் கொடுத்து வேறு வாங்கிவிட்டாள். எனக்கும் ஒரு மனசு இருக்கிறது அல்லவா? ஒரே ஒரு பொருளையாவது "இது நான் வாங்கியது" என்று காட்ட வேண்டும்.

பிரச்சினை பாட்டரி. கூரை மேல் இருக்கும் சோலார் தகடு மழைக்காலத்தில் பேருக்குத்தான். மனைவி படகிலேயே தையல் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் முப்பது பள்ளிச் சீருடை கொடுத்தாக வேண்டும். பாட்டரி இறங்கி, பாதிக் காலரில் மெஷின் நின்றுவிடுகிறது.

"சின்னதா ஒரு ஜெனரேட்டர் போதுங்க," என்றாள், ஊசியில் நூல் கோத்தபடி.

"எது போதும், எது போதாதுன்னு நான் சொல்றேன்."

"சரிங்க."

"கடைக்கும் நான்தான் போவேன்."

"தாராளமா."

"நடுவுல போன் பண்ணி யோசனை சொல்லக் கூடாது."

"சொல்லலை. வாயைக் கொப்பளிச்சுட்டு வாங்க."

அவள் இவ்வளவு சுலபமாக எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஜெயித்த சந்தோஷத்தில் கண்டுகொள்ளவில்லை.

நான் நூலகத்தில் வேலை பார்ப்பவன். படிக்காமல் எதிலும் இறங்க மாட்டேன். இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எட்டு விளம்பரப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தேன். நோட்டில் பதினோரு கேள்விகள் எழுதிக்கொண்டேன். எத்தனை வாட், டாங்கில் எத்தனை லிட்டர், கிளப்பக் கயிறா பொத்தானா, என்ன நிறம், இப்படி.

புதன்கிழமை கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று கைப்பெட்டி மாதிரி. பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஆயிரம் வாட். இன்னொன்று இரும்புச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது. மூவாயிரம் வாட். நாற்பத்தாறு கிலோ. சிவப்பு.

பதினோரு கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க பாட்டரி சார்ஜர் எத்தனை ஆம்ப் சார்?"

அது என் நோட்டில் இல்லை.

"நல்ல சார்ஜர்தான்," என்றேன்.

"அதுக்கில்ல சார். சார்ஜர் எவ்வளவு இழுக்குதோ அவ்வளவுதான் பாட்டரிக்குப் போகும். பின்னாடி எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் இருந்தாலும் சீக்கிரம் ஏறாது. படகுல இருக்கறது பெரும்பாலும் இருபத்தஞ்சு ஆம்ப்தான். அதுக்குச் சின்னதே போதும்."

சின்னதே போதும்! இதைக் கேட்கவா அரை நாள் லீவு போட்டேன்? வீட்டிலேயே இலவசமாகக் கிடைக்குமே! எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"அந்தச் சிவப்பைக் கட்டுங்க," என்றேன்.

கடை வண்டி பாலம் வரைதான் வரும். அங்கிருந்து கரையோரப் பாதையில் முக்கால் கிலோமீட்டர். முழுக்கச் சேறு. ஜெனரேட்டரில் சக்கரம் இருந்தது, ஆனால் அது உருளவில்லை, உழுதது. பத்தடிக்கு ஒரு தரம் நின்று, பாதை போட்டவனைத் திட்டினேன். படகுக்கு வந்து சேர்ந்தபோது இடுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

புகை ஆளையே கொன்றுவிடும் என்பதால் அதைப் படகுக்குள் வைக்கக் கூடாது. கரையில் நிறுத்தி, ஒயரை உள்ளே விட்டு, கயிற்றைச் சுண்டினேன். கால்வாயே அதிர்ந்தது. வாத்துகள் குடும்பத்தோடு இடம் மாறிப் போயின. உள்ளே டம்ளர்கள் அலமாரியில் நடந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எத்தனை ஆம்ப் ஏறுது பாரு!" என்று கத்தினேன்.

மனைவி உள்ளே சார்ஜரின் முள்ளைப் பார்த்தாள். "இருபத்திநாலு!"

"பாத்தியா!"

"சின்னதுலயும் இருபத்திநாலுதான் ஏறுச்சு!"

ஜெனரேட்டரை நிறுத்தினேன்.

"எந்தச் சின்னது?"

"நேத்து நீங்க வேலைக்குப் போனதும், பக்கத்துப் படகுத் தம்பியோடதை வாங்கிப் போட்டேன். மெஷின் ஒரு தடவைகூட நிக்கலை. மிச்சமிருந்த சீருடை எல்லாம் முடிஞ்சுது."

அதற்குள் பக்கத்துப் படகுக்காரரே வந்துவிட்டார். வெல்டிங் வேலை செய்பவர். ஒரு கையில் கைப்பெட்டி மாதிரி ஜெனரேட்டர். மறு கையால் என் சிவப்பைத் தட்டிக் கொடுத்தார்.

"நான் தேடினது இதேதான் அக்கா! என்னோடது வெல்டிங் குச்சியை வச்சாலே படுத்துக்குது. சார், ரொம்ப நன்றி. எனக்கு முதுகுவலி, வெயிட் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பெரிசை எப்படிக் கொண்டு வர்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன். கூட ஆகற பணத்தைக் கொடுத்துட்டு மாத்திக்கலாம், எங்க வீட்டுக்காரரே கொண்டு வந்துடுவார்னு அக்கா போன வாரமே சொல்லிட்டாங்க."

போன வாரமே!

சின்னதை என் காலடியில் வைத்தார். சிவப்பை அவர் படகு வரை தள்ளிக் கொடுத்ததும் நான்தான். பாவம், அவருக்கு முதுகுவலி.

திரும்பி வந்து மனைவி எதிரில் உட்கார்ந்தேன். அவமானமாக இருந்தது.

"ஏம்மா, நான் பெரிசுதான் வாங்குவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சின்னது போதும்னு சொன்னேனே."

"ஒருவேளை நான் உன் பேச்சைக் கேட்டு சின்னதை வாங்கியிருந்தா?"

"பதினெட்டு வருஷத்துல ஒரு தடவை கேட்டிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அவள் சீருடைகளை மடித்து அடுக்கிக்கொண்டே, சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள்.

"தம்பி அடுத்து ஒரு பெரிய தண்ணி பம்பு தேடறார். நமக்கும் ஒண்ணு வேணும்தான். சின்னது போதும்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?"

பெரிய பம்பு எத்தனை கிலோ இருக்கும் என்று மட்டும் கேட்டேன்.