மீட்டர் பெய்வித்த தூறல்

சென்னையிலும் அதன் தெற்குப் புறநகர்களிலும் அந்தக் காலத்தில் சூடு வைக்காமல், உள்ளதை உள்ளபடி காட்டி ஓடிய மீட்டர் ஒன்றே ஒன்றுதான். அது எந்த ஆட்டோவிலும் இல்லை. தாம்பரத்தில் எங்கள் பள்ளியில், பிளஸ் ஒன்னில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

பொய் சொல்ல வராது என்பதால் அவனுக்கு மீட்டர் என்று பெயர். வாத்தியார்களே அப்படித்தான் கூப்பிட்டார்கள். சாரணர் நடைப்பயணத் தேர்வில், வெயில் தாங்காமல் எங்கள் அணியில் ஆறு பேரும் கடைசி இரண்டு கிலோமீட்டரை ஷேர் ஆட்டோவில் கடந்தோம். தேர்வாளர் ஒன்றும் கேட்கவில்லை. இவனாகப் போய், "சார், கூடுவாஞ்சேரிக்கு நான் ஆட்டோலதான் வந்தேன்" என்றான். 'நான்' என்றானே தவிர, 'நாங்கள்' என்று சொல்லவில்லை. அவன் ஃபெயில். அதே ஆட்டோவில் அவன் மடியில் உட்கார்ந்து வந்த நான் பாஸ்.

அப்படிப் பாஸாகிப் பாஸாகி, ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வரை வந்துவிட்டேன். சாரணர்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. பாக்கி ஒரே ஒரு சமூக சேவைத் திட்டம். கீழ்க்கட்டளையில் எங்கள் பஸ் ஸ்டாப்புக்கு வெள்ளையடித்து, எந்த பஸ் எங்கே போகும் என்று போர்டு எழுத வேண்டும். அதை நோட்டில் பதிவு செய்து தேர்வாளரிடம் காட்ட வேண்டும்.

திட்டமிடுவதில் நான் புலி. இரண்டு மாதம் திட்டமிட்டேன். நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் போட்டேன். எழுதிய வேகத்தில், எல்லாம் நடந்து முடிந்ததாகவே நாற்பது பக்கமும் எழுதிவிட்டேன். ஞாயிறு பதினோரு மணிக்குத் தேர்வாளர் நேரில் வருகிறார் என்று தகவல் வந்தபோதுதான் உறைத்தது: அறிக்கை ரெடி, சேவைதான் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அன்று பாத்ரூமுக்கும் பெட்ரூமுக்கும் நடந்த நடையில் அந்த நடைப்பயணத் தேர்வையே நேர்மையாகப் பாஸ் செய்திருப்பேன்.

மீட்டரிடம் நோட்டைக் காட்டினேன். முழுக்கப் படித்தான்.

"இதெல்லாம் எப்படா நடந்துது?"

"நடக்கப் போவுது."

"அப்போ பொய்."

"முன்கூட்டியே எழுதின உண்மைடா!"

நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "சரி. எழுதினபடியே எல்லாத்தையும் நடத்திடலாம்."

ஞாயிறு காலை ஆறு மணி. நோட்டில் இருபது இளைஞர்கள் திரண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாப்பில், எங்கள் சாரணப் பையன்கள் எல்லோரையும் சேர்த்து, பத்தொன்பது. மீட்டர் மூன்று முறை எண்ணிவிட்டு, பஸ்ஸுக்கு நின்ற ஒரு வழுக்கைத்தலைக்காரரிடம் போனான்.

"அண்ணே, உங்க வயசு என்ன?"

"முப்பத்தெட்டு. ஏம்ப்பா?"

"மனசு விட்டு சொல்லுங்கண்ணே. நீங்க இளைஞரா?"

அவர் கண் கலங்கிவிட்டார். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு பிரஷ்ஷைக் கையில் எடுத்தார்.

அடுத்தது ஏழாம் பக்கம். 'அப்போது லேசான தூறல் விழுந்து எங்களை ஊக்குவித்தது.' ஒரு இலக்கிய நயத்துக்காகச் சேர்த்தது. அன்று அக்னி நட்சத்திரம். மீட்டர் ஒரு வாளித் தண்ணீரோடு நிழற்குடை மேல் ஏறி, வேப்பங்கொத்தை முக்கி முக்கித் தெளித்தான்.

கீழே நின்ற பூக்கார ஆயா நிமிர்ந்து பார்த்தது. "டேய், இன்னாடா மேலேர்ந்து தண்ணி ஊத்திகினு கீறே?"

"தூறல் ஆயா. ரெண்டு நிமிஷத்துல நின்னுடும்."

நின்றது. கீழே இறங்கி அதே ஆயாவிடம் வந்தான். பதினெட்டாம் பக்கத்தில் ஒரு மூதாட்டி ஆனந்தக் கண்ணீர் வடித்திருந்தார்.

"ஆயா, கொஞ்சம் அழுவுறீங்களா?"

"நான் இன்னாத்துக்குடா அழுவணும்? பல்லாவரம் பஸ்ஸ மேடவாக்கம்னு எய்தி வெச்சிகினு கீறான் பாரு, அவன் அழுவணும்!"

'அவன்' நான்தான். பதற்றத்தில் திரும்பிய நான் சுண்ணாம்பு வாளிக்குள் காலை விட்டு, முழங்கால் வரை வெள்ளையடித்துக்கொண்டேன். ஆயா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தது. மீட்டர் குனிந்து உற்றுப் பார்த்தான். "ஆனந்தக் கண்ணீர்தான்" என்று நோட்டில் டிக் போட்டான்.

மணி பத்து. தப்பைத் திருத்திப் போர்டை முடிக்க வேண்டும். நான் ஏணி மேல். பெயின்ட் கலந்து கொடுத்தது, ஏணியைப் பிடித்தது எல்லாம் அவன். ஒரு கையில் ஏணி, ஒரு கையில் நோட்டு. கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். சட்டென்று ஏணியை விட்டுவிட்டு, ரோட்டைத் தாண்டி டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"மீட்டர்! ஏணி ஆடுதுடா!"

"போர்டை யார் உதவியும் இல்லாம தனியா முடிச்சேன்னு எழுதியிருக்கே."

கோபமே இல்லை அவன் குரலில். அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கோ முக்காலியில் ஏறினாலே தலை சுற்றும். இன்னும் ஐந்து பஸ் பாக்கி. ஏணியோடு சேர்ந்து ஜனாதிபதியும் ஆடினார்.

இறங்கி, ரோட்டைத் தாண்டி அவனிடம் போனேன். நோட்டை வாங்கி, அந்த அழகான பக்கத்தில், அந்த வரியைக் குறுக்கே அடித்தேன். 'எனக்கு உதவியவர்' என்று கீழே எழுதியதும் பேனா நின்றது.

"டேய், உன் பேர் என்னடா?"

மூன்று வருஷமாக ஒரே பெஞ்ச். இனிஷியலோடு சொன்னான். எழுதினேன். எழுந்து வந்து ஏணியைப் பிடித்தான்.

பதினோரு மணிக்கு வந்த தேர்வாளர் போர்டைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், என் வெள்ளைக் காலைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, முத்து முத்தா எழுதிட்டு, கடைசியில ஏன் இப்படி அடிச்சு வெச்சிருக்கே?"

"அது பொய் சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். சான்றிதழும் பிறகு வந்து சேர்ந்தது.

மீட்டரின் நிஜப் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அது அந்த நோட்டில் இருக்கிறது. நாற்பது பக்கத்தில், நடந்த பிறகு நான் எழுதிய ஒரே வரி.