முக்காடு போட்டுப் பார்த்த ஊமைப்படம்

நான் பார்க்காத படங்களைப் பற்றித்தான் மிக நன்றாக எழுதுவேன். பார்த்துவிட்டால் வராது. பார்த்த பிறகு உண்மை என்று ஒன்று வந்து குறுக்கே உட்கார்ந்துகொள்கிறது. இதை நான் கண்டுகொண்டது எண்பதுகளின் தொடக்கத்தில், பெரம்பலூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்காட்சியில், கொட்டகை நிறைந்த கூட்டத்தின் முன்னிலையில்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர். திருச்சியில் படித்த காலத்தில் ஒரு பிலிம் சொசைட்டியில் சேர்ந்து இரண்டு உலகப் படங்கள் பார்த்திருந்தேன். (இரண்டாவதில் பாதியில் தூங்கிவிட்டேன். ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.) இந்த ஒன்றரைப் படத் தகுதியோடு ஊருக்கு வந்தவன், தமிழ்ப்படம் பார்க்கிறவர்களை மனிதர்களாகவே மதிக்கவில்லை. டீக்கடையில் யாராவது புதுப்படம் நன்றாக இருக்கிறது என்றால், "இதெல்லாம் ஆரம்பகால ஹாலிவுட்ல அப்பவே பண்ணிட்டாங்க" என்று சொல்லிவிட்டு டீயை ஊதுவேன். என்ன பண்ணினார்கள் என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே என் வண்டவாளம் தெரிந்திருக்கும்.

என் ஞானம் முழுவதும் ஒரே புத்தகத்திலிருந்து வந்தது. திருச்சிப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை போன, தடித்த இங்கிலீஷ் புத்தகம். ஆரம்பகால ஹாலிவுட் படங்களைப் பற்றியது. அதில் ஒரு ஊமைப்படத்துக்கு மட்டும் நாலு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நாலு பக்கத்தையும் நான் மனப்பாடமாகச் சொல்வேன்.

அதே புத்தகத்துக்குள் இன்னொரு படமும் இருந்தது. ஆண்டிமடம் வசந்தாவின் போட்டோ. ஜாதகம் பொருந்திவிட்டது, அம்மாவுக்குப் பிடித்துவிட்டது, எனக்குப் பிடித்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் பெண்ணின் அப்பா ஒரு ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர். ஒழுக்கத்தில் நெருப்பு என்று பெயர். "பையனை நான் விசாரிச்சுக்கறேன். அதுக்கப்புறம் பொண்ணு பாக்க வாங்க" என்று என் தாய்மாமாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் எப்போது வருவார், யாரிடம் விசாரிப்பார் என்று தெரியாமல் நான் ஒரு மாதமாக வெற்றிலை பாக்குக் கடைக்காரரிடம்கூடப் பவ்யமாக நடந்துகொண்டிருந்தேன். ஹெட்மாஸ்டர் முகத்தை நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட மாதத்தில்தான் எனக்கு ஊரின் ரசனையைத் திருத்தும் எண்ணம் வந்தது.

எங்கள் 'உலக சினிமா ரசிகர் வட்ட'த்தில் இரண்டே பேர். தலைவர் நான். செயலாளர் ஜமால், என் சிநேகிதன். லப்பைக்குடிக்காட்டுக்காரன், கடைவீதியில் அவன் வாப்பாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருந்தான். கொட்டகை மேனேஜர் அவனுக்குப் பழக்கம் என்பதால் ஒரு ஞாயிறு காலைக்காட்சியை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். நான் மனப்பாடம் செய்திருந்த அதே ஊமைப்படத்தின் பெட்டி திருச்சியில் ஒரு விநியோகஸ்தரிடம் தூசி படிந்து கிடந்தது. அது கிடைத்தபோது ஆண்டவனே என் பக்கம் இருப்பதாக நினைத்தேன்.

இங்கே அந்தக் காலத்து நடைமுறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலைக்காட்சி, இங்கிலீஷ் படம் என்றால் அது 'அந்த மாதிரி' படம். வேறு எந்த மாதிரியும் இங்கிலீஷ்காரன் படம் எடுப்பதில்லை என்றே பல பேர் நம்பினார்கள். அதைப் பார்க்கப் போகிறவர்கள் தலையில் துண்டை முக்காடாகப் போட்டுக்கொள்வார்கள். உள்ளூரிலும் பார்க்க மாட்டார்கள். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் ஆட்கள் பெரம்பலூர் வருவார்கள். பெரம்பலூர்க்காரர்கள் அரியலூர் போவார்கள். இதனால் எல்லா ஊரும் ஒழுக்கமான ஊராகவே இருந்தது.

"மாப்ள, காலைக்காட்சின்னா சனங்க என்னன்னு நெனைக்கும் தெரியுமுல்ல?" என்றான் ஜமால்.

"அந்த நினைப்ப மாத்துறதுக்குத்தானடா நாம இருக்கோம்" என்றேன். (அப்போதெல்லாம் இப்படித்தான் பேசுவேன். ஜமால் எப்படிப் பொறுத்துக்கொண்டான் என்று இன்றுவரை தெரியவில்லை.)

நோட்டீஸை நானே எழுதினேன். 'உலகம் போற்றும் கலைக்காவியம். இயல்பான நடிப்பின் சிகரம்.' புத்தகத்தில் படித்த இன்னொரு தகவலையும் விடவில்லை: 'அமெரிக்காவில் தணிக்கை விதிகள் கடுமையாவதற்கு முன்பே எடுக்கப்பட்ட படம்.' சத்தியமாகச் சொல்கிறேன், அதை ஒரு சரித்திரக் குறிப்பாகத்தான் சேர்த்தேன். கீழே என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டேன். ஜமால் ஒரு கட்டு நோட்டீஸை ஜெயங்கொண்டம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து வழியெல்லாம் விநியோகிக்கச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகை வாசலில் திருவிழாக் கூட்டம். அத்தனை தலையிலும் துண்டு.

"பாத்தியாடா, நல்ல ரசனைக்கு எவ்வளவு பசி" என்றேன்.

ஜமால் என்னைப் பார்த்தான். "பசிதான் மாப்ள. சோறு வேற எதிர்பாக்குறாங்க."

திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, கையில் மைக்கோடு உட்கார்ந்தேன். ஊமைப்படம் என்பதால் நடுநடுவே திரையில் வரும் இங்கிலீஷ் எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்வது என் பொறுப்பு. அதற்கு முன்னால் ஒரு முன்னுரை. ஐந்தாவது நிமிஷம் "படத்தப் போடுய்யா!" என்று ஒரு குரல். ஆறாவது நிமிஷம் எல்லாக் குரலும். படத்தைப் போட்டார்கள்.

போட்டதும் எல்லோரும் ஓடினார்கள். திரையில்தான். அந்தப் பழைய படங்களை மெதுவாக ஓட்ட வேண்டும் என்பதும், எங்கள் ஊர் மெஷினுக்கு ஒரே வேகம்தான் தெரியும் என்பதும் எனக்குத் தெரியாது. கதாநாயகன் ஓடி வந்து கதவைத் திறந்தான். அப்பா ஓடிப்போய் நாற்காலியில் விழுந்தார். பசு மாடுகூட அவசரமாக மேய்ந்தது.

"எங்கய்யா ஓடுறாங்க? பஸ்ஸு போயிருமா?" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார்.

அடுத்து ஒரு சாவு ஊர்வலம். புத்தகத்தில் இந்தக் காட்சியை 'கல் மனதையும் கரைக்கும்' என்று எழுதியிருந்தார்கள். ஆறு பேர் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பறந்தார்கள். பாதிரியார் பின்னால் குதித்துக் குதித்து வந்தார். கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. நானும் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கதாநாயகி வந்தாள். கண்ணைச் சுற்றி ஒரு டப்பா மை. "யாரோ மூஞ்சிலேயே குத்திட்டாங்கடோய்" என்றார்கள். கதாநாயகனுக்கு முகமெல்லாம் பவுடர், உதட்டில் சாயம். "சார், இதுல பொம்பள யாரு?" என்று ஒருவர் உண்மையான சந்தேகத்தோடு கேட்டார். நாற்பது வயது மதிக்கத்தக்க அந்த ஆள் காலேஜ் மாணவனாம். அவன் காதலைச் சொல்வதற்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி, பின்பக்கமாக வளைந்தான். "தேளு கொட்டிருச்சு! சுண்ணாம்பு எடுங்கப்பா!"

இயல்பான நடிப்பின் சிகரம் என்று நோட்டீஸில் அடித்தவன் நான். அந்த நிமிஷம் மைக்கை முழுங்கிவிடலாமா என்று இருந்தது. அந்தப் படத்தை நானும் முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்பது ஜமாலுக்குக்கூடத் தெரியாது.

மூன்றாவது ரீலில் சிரிப்பு நின்றுவிட்டது. அதுதான் ஆபத்து. முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் மிக மரியாதையாகக் கேட்டார்: "தம்பி, அது எப்ப வருங்க?"

"எதுங்க?"

கொட்டகை முழுக்க ஒரே ஊளை. யாரோ நாற்காலியைத் தரையில் தட்ட ஆரம்பித்தார்கள். மேனேஜர் குனிந்தபடி ஓடி வந்தார். "தம்பி, நாற்காலி ஒண்ணு ஒடஞ்சாலும் நீங்கதான் பதில் சொல்லணும். எதையாச்சும் சொல்லி உக்கார வைங்க."

அங்கேதான் புத்தி கெட்டுப் போயிற்று. திரையில் 'கிராமத்தில் பொழுது விடிந்தது' என்று வந்தது. நான் மைக்கில், "'ஊர் அடங்கியதும் வருகிறேன்' என்று நாயகி சொல்கிறாள்" என்றேன். கொட்டகை கப்சிப். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அடுத்த எழுத்து வந்தது. "'கதவைத் திறந்தே வைத்திரு' என்கிறாள்" என்றேன். விசில் பறந்தது. அடுத்ததற்கு நான் வாயைத் திறப்பதற்குள்,

"நிறுத்துங்க!"

நடு வரிசையில் ஒரு முக்காடு எழுந்து நின்றது.

"அப்படி எங்க எழுதியிருக்கு? 'அம்மாவுக்கு மருந்து தீர்ந்துபோச்சு'ன்னு எழுதியிருக்கு. தெரிஞ்சே பொய் சொல்றீங்க! மைக்கக் கீழ வைங்க!"

கோபத்தில் கையை நீட்டியதில் அவர் தலையிலிருந்த துண்டு நழுவி விழுந்தது. திரை வெளிச்சம் முகத்தில் அடித்தது. பெஞ்சிலிருந்து பதறிய குரல் ஒன்று, "ஐயா!" என்றது. பின்வரிசையில் இன்னொரு 'ஐயா'. பிறகு நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கொட்டகையின் நாலு மூலையிலும் முப்பது நாற்பது பேர் மடமடவென்று எழுந்தார்கள். தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். கையைக் கட்டிக்கொண்டு, ஒரே ராகத்தில், "வணக்கம் ஐயா" என்றார்கள்.

ஜமால் என் காதில் சொன்னான்: "மாப்ள, வருசா வருசம் யூனிபார்ம் துணி எடுக்க எங்க கடைக்குத்தான் வருவாரு. ஆண்டிமடம் ஹெட்மாஸ்டருடா. வசந்தாவோட அப்பா."

மைக் என் கையிலிருந்து நழுவிக் 'கொய்ங்' என்று கத்தியது.

அவரும் நின்றுகொண்டிருந்தார். வாசலைப் பார்த்தார். வாசல் வரைக்கும் அவரிடம் படித்த பழைய மாணவர்கள். ஓடவும் முடியாது, உட்காரவும் முடியாது. கடைசியில், தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார்.

"உக்காருங்க" என்றார். "வந்தது வந்துட்டோம். ஒழுங்கா பாத்துட்டுப் போவோம்."

நேராக வந்து மைக்கை எடுத்துக்கொண்டார். என் ஸ்டூலையும் எடுத்துக்கொண்டார். மீதிப் படம் முழுவதையும் வரிக்கு வரி மொழிபெயர்த்தார். அதோடு விட்டாரா? "அந்தப் பொண்ணு எதுக்கு அழுவுறா? நீ சொல்லு, நாலாவது வரிசை" என்று கேள்வி வேறு. நாலாவது வரிசையில் மீசை நரைத்த ஒருவர் எழுந்து, "தெரியலீங்க ஐயா" என்றார். ஒருவரும் வெளியே போகவில்லை. போக முடியாது. அவ்வளவு ஒழுக்கமாக ஒரு காலைக்காட்சி தமிழ்நாட்டில் வேறெங்கும் நடந்திருக்காது.

முடிந்ததும் தீர்ப்பும் அவரே சொன்னார். "கதை சுமார். அந்த அம்மா பரவாயில்ல. அவன் உருப்பட மாட்டான்." கூட்டம் தலையாட்டிவிட்டுக் கலைந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இயல்பான நடிப்புன்னு நோட்டீஸ்ல எழுதுனது யாரு?"

"நான்தாங்க ஐயா."

"படத்த முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க ஐயா."

"சரி, போயிட்டு வரேன்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. திறந்தால் போட்டோவைப் பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். பொய்யும் சொல்லி, அதில் பெண்ணின் அப்பாவிடமே நேருக்கு நேராக மாட்டிக்கொண்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

அடுத்த ஞாயிறு தாய்மாமா வந்தார். "பொண்ணு பாக்க வரச் சொல்லிட்டாருடா! ஒன்ன நேர்லயே பாத்தாராமே? லைப்ரரியில வச்சுப் பேசுனாராம். கேட்ட கேள்விக்கு மறைக்காம உண்மையச் சொன்னியாம். அதுலயே புடிச்சுப் போச்சாம்."

எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் அவர் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் இடம் சொல்ல வேண்டும். அதனால் லைப்ரரி.

வசந்தா கழுத்தில் தாலி கட்டிய மூன்றாம் நாளே, அந்த லைப்ரரி எது என்று அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பாக்கெட்டில் என் நோட்டீஸ் இருந்திருக்கிறது. எடுத்து வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் சினிமாவுக்குக் கிளம்பினாலும் "லைப்ரரிக்குப் போயிட்டு வரேன்" என்பதுதான் வழக்கம். டி.வி.யில் முத்தக் காட்சி வந்தால், "லைப்ரரி, லைப்ரரி" என்று கத்திக்கொண்டு யாராவது சேனலை மாற்றுவார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பொங்கலன்று ஆண்டிமடத்தில், என் மகள் அந்த ஊமைப்படத்தை லேப்டாப்பில் தேடிப் பிடித்துப் போட்டாள். சரியான வேகத்தில். யாரும் ஓடவில்லை. சாவு ஊர்வலம் மெல்ல நடந்துபோனது. கதாநாயகி ஒன்றுமே செய்யாமல் நின்று பார்த்தாள், அவ்வளவுதான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. பார்க்காமலே நான் எழுதியது பாதியாவது உண்மைதான். (உதட்டுச் சாயத்தை மட்டும் இப்போதும் மன்னிக்க முடியவில்லை.)

எண்பதைத் தாண்டியிருந்த மாமனார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். வசந்தா உள்ளே போய்ப் பீரோவிலிருந்து அந்த நோட்டீஸை எடுத்து வந்து மகளிடம் கொடுத்தாள். அன்றைக்குத்தான் நானும் அந்தப் பிரதியை முதல் முறையாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். கொட்டை எழுத்தில் என் பெயர் அப்படியே இருந்தது. அதன் கீழே கோடு ஒன்றும் இல்லை. ஆனால் தணிக்கை விதிகளுக்கு முன்பே எடுத்த படம் என்ற வரியின் கீழே மட்டும் சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து, இரண்டு கோடு போட்டிருந்தது.

"தாத்தா, நீங்க அப்பாவ விசாரிக்க வந்தீங்களா, படம் பாக்க வந்தீங்களா?" என்றாள் மகள்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வரி உண்மையான்னு விசாரிக்க வந்தேன்."

"உண்மைதானா?"

"அத ஏம்மா கேக்குற" என்றார். "அந்தப் படத்த எவனாச்சும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்."