பீங்கான் பல்லில் ஏழு புழு

பஸ் டிப்போவுக்கு எதிரே வருஷக்கணக்காக மூடிக்கிடந்த டயர் கடைக்குத் திடீரென்று யோகம் அடித்தது. காலை ஆறு மணிக்கே வரிசை. கன்னத்தில் கை வைத்தவர்கள், துண்டால் தாடையைக் கட்டியவர்கள், வலியே இல்லாமல் "எதுக்கும் ஒரு தடவ பார்த்துடலாம்" என்று வந்தவர்கள். உள்ளே புழுவய்யா வீற்றிருந்தார். உலகத்துப் பல்வலிக்கெல்லாம் புழுதான் காரணம் என்று கண்டுபிடித்த மகான். எங்கே படித்துக் கண்டுபிடித்தார் என்று யாராவது கேட்டிருந்தால், கனவில் என்று அவருடைய மச்சான் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. அதனால் மச்சான் நிம்மதியாக டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வைத்தியம் ரொம்ப எளிது. அகலமான தண்ணீர்ச் சட்டி. அதன் நடுவில் ஒரு செங்கல். செங்கல்மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டு. நோயாளி சட்டிக்கு மேலே குனிந்து வாயைப் பிளக்க வேண்டும். தலைக்குமேல் கறுப்புப் போர்வை. புழுவய்யா இரும்பின்மேல் ஒரு பிடி விதையைத் தூவி, தனக்கே புரியாத நாலு வார்த்தையை முணுமுணுப்பார். படபடவென்று சத்தம் வரும். கண்ணைக் கரிக்கும் புகை வரும். போர்வையை விலக்கினால் தண்ணீரில் வெள்ளை வெளேரென்று, வளைந்து சுருண்டு, புழுக்கள் மிதக்கும். அவை ஏன் அசையவில்லை என்ற சந்தேகம் வருவதற்குள் "மந்திரத்துல செத்துப்போச்சு" என்று அய்யாவே சொல்லிவிடுவார்.

அப்புறம் தெரு முழுக்க அதே பேச்சு. "எனக்கு ஒன்பது" என்றார் இஸ்திரிக்காரர், ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி. "ஒன்பதுதானா? எனக்குப் பதினாலு" என்று பேக்கரிக்காரர் அவரை மட்டம் தட்டினார். இரண்டே புழு வந்த ஒரு கண்டக்டர் அவமானம் தாங்காமல் மறுநாளும் வரிசையில் நின்றார்.

டயர் கடைக்கு நேர் எதிரே, டிப்போ மதிலை ஒட்டி, போட்டோ ஸ்டூடியோ. அதன் வாசலில் ஸ்டூடியோக்காரரின் சொந்தப் படமே பெரிதாகத் தொங்கும். வரிசையாகப் பல் தெரிகிற பிரமாதமான சிரிப்பு. ஊரையே "சிரிங்க, சிரிங்க" என்று சொல்கிறவருக்கு அதுதான் விளம்பரம். அந்த வரிசையில் ஒன்று இப்போது அவருடையதல்ல. போன வருஷம் கேமரா பையின் வாரைப் பல்லால் கடித்து இழுத்தபோது, மேல்வரிசைப் பல் ஒன்று வேர்வரை பிளந்துபோனது. பல் டாக்டரம்மா அதை எடுத்துவிட்டு, எலும்பில் ஒரு சின்னத் திருகாணியை வைத்து, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளும்வரை சில மாதம் காத்திருக்கச் சொல்லி, பிறகு பீங்கான் பல்லை மாட்டினார். அத்தனை மாதமும் "வாய்ப்புண்ணு" என்று சொல்லிக்கொண்டு, உதட்டை இறுக மூடியபடியே அடுத்தவர்களைச் சிரிக்கச் சொன்னவர் இவர். பல் போனால் போகட்டும், பவிசு போகலாமா? விஷயம் டாக்டரம்மாவையும் மனைவியையும் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொண்டார்.

புழுவய்யாவின் பேனரில் இருந்த "முன்", "பின்" படங்களை எடுத்தவரும் இவர்தான். முன் படத்துக்கு ஒருவரை முகத்தைச் சுளிக்கச் சொன்னார். பின் படத்துக்கு அவரையே சிரிக்கச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் ஒரு டீ குடிக்கும் நேரம். புழுவய்யா தினமும் வரிசையைப் பார்த்து முழங்குவார்: "பல் டாக்டர்கிட்ட போகாதீங்க! எலும்புல ஆணி அடிப்பாங்க! ஆணி மூளைக்கு ஏறும்! இடி இடிச்சா அந்த ஆணியைத்தான் தேடி வரும்!" கூட்டம் உச்சுக்கொட்டும். எதிரே ஆணியோடு உட்கார்ந்திருந்தவர், நமக்கென்ன வந்தது என்று கேமரா லென்ஸைத் துடைப்பார்.

வந்தது. நாலு கடை தள்ளித் தையல் கடை வைத்திருந்த அவருடைய தங்கைக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பல்லுக்கு அடியில சீழ் கட்டியிருக்கு. இந்தப் பல்லைக் காப்பாத்த முடியாது, எடுக்கணும். நல்லா ஆறினதும் புதுப் பல்லு வெக்கலாம். தள்ளிப்போடாதீங்க" என்று மருந்து எழுதிக் கொடுத்தார். தங்கை அந்தச் சீட்டை மடித்து ஊசி டப்பாவில் வைத்துவிட்டுப் புழுவய்யாவிடம் போனாள். முதல் தடவை நாலு புழு. அடுத்த நாள் ஆறு. அதற்கடுத்த நாள் பதினொன்று. புழு ஏற ஏற வீக்கமும் ஏறியது. "உள்ள இருக்கிற விஷம் வெளிய வருதும்மா, அதான் வீங்குது" என்றார் அய்யா. வீக்கம் குறைந்தால் வைத்தியம் பலித்தது. கூடினால் ரொம்பவே பலித்தது!

நாலாம் நாள் காலை அண்ணன் போய்ப் பார்த்தபோது, அவள் தையல் மெஷின்மேல் தலையைச் சாய்த்திருந்தாள். ஒரு பக்கம் கன்னம் உப்பிக் கண் பாதி மூடியிருந்தது. உடம்பு கொதித்தது. பக்கத்தில் கஞ்சி ஆறிக்கிடந்தது. ஸ்பூன் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை.

"எந்திரிம்மா. டாக்டரம்மாகிட்ட போவோம்."

"மாட்டேண்ணே. ஆணி அடிப்பாங்க."

"என் வாயிலயே ஒரு வருஷமா ஆணி இருக்கு. எந்த இடி என்னைத் தேடி வந்துச்சு?"

அவள் நம்பவில்லை. கூடவே வந்திருந்த அண்ணிதான் போட்டு உடைத்தாள். "நெசந்தான். ரெண்டு நாள் வீங்கிக் கிடந்தார், சோத்தைக் குழைச்சுக் கொடுத்தேன். வெளிய சொன்னா மானம் போயிடும்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார் உங்க அண்ணன்."

அண்ணி சொன்னால் பொய் இருக்காது என்று தங்கைக்குத் தெரியும். ஆனாலும் பிடி விடவில்லை. பல்லைக் கடித்தபடியே பேசினாள். "உனக்கு ஒத்துக்கிச்சு, சரி. எனக்குப் புழு இருக்கேண்ணே. என் கண்ணால பார்த்தேனே!"

ஸ்டூடியோக்காரர் தன் பீங்கான் பல்லை விரலால் தட்டிக் காட்டினார். "பீங்கானுக்குள்ள புழு இருக்குமா?"

"அதெப்படி இருக்கும்?"

"அப்போ வா. என் பீங்கான் பல்லை அவர்கிட்ட காட்டுறேன். அதுல புழு இல்லன்னு அவர் சொல்லிட்டா, உன் இஷ்டம். எடுத்துட்டார்னா, அங்கிருந்து நேரா டாக்டரம்மாகிட்ட."

அவள் தலையாட்டினாள். போகிற வழியில் ஸ்டூடியோவில் ஒளித்து வைத்திருந்த தன் பல் எக்ஸ்ரேயை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார் அண்ணன். டயர் கடையில் ஸ்டூடியோக்காரருக்கு ராஜமரியாதை. பேனருக்குப் படம் எடுத்துக் கொடுத்தவர் அல்லவா, வரிசையைத் தாண்டி நேராக உள்ளே விட்டார்கள்.

"எந்தப் பல்லு?" என்றார் புழுவய்யா.

"இதுதாங்க. ராத்திரியெல்லாம் குடையுது."

அய்யா டார்ச் அடித்துப் பார்த்தார். குச்சியால் தட்டினார். முகம் வாடியது. "அடடா, வேரு வரைக்கும் அரிச்சிருக்கே! தாய்ப்புழு குடும்பத்தோட குடியிருக்கு. டாக்டர்கிட்ட போயிருந்தா பிடுங்கிப் போட்டிருப்பாங்க. உங்கம்மா பால் கொடுத்து வளர்த்த பல்லுங்க இது! நான் காப்பாத்துறேன்."

டாக்டரம்மா அளவெடுத்து வாங்கிக்கொடுத்த பல் என்று ஸ்டூடியோக்காரர் திருத்தவில்லை. மரியாதையாகக் குனிந்து வாயைப் பிளந்தார். போர்வை, புகை, படபட. போர்வையை விலக்கியதும் மச்சான் எண்ணிச் சொன்னார்: "ஏழு!" கூட்டம் ஆஹா என்றது.

ஸ்டூடியோக்காரர் நிமிர்ந்தார். எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய படம் சிரித்துக்கொண்டிருந்தது. இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டுமா என்று ஒரு கணம் தயங்கினார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் யோசிக்கவில்லை.

"இது பல்லே இல்லைங்க. பீங்கான். அடியில வேரும் இல்ல, திருகாணிதான்." சட்டைக்குள்ளிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். பற்களுக்கு நடுவே திருகாணி, மரை மரையாக, சின்னக் குழந்தைக்கும் தெரிகிற மாதிரி பளிச்சென்று இருந்தது.

கூட்டம் படத்தை எட்டிப் பார்த்தது. பிறகு சிரித்தது. புழுவய்யாவைப் பார்த்து அல்ல. "அப்போ வாசல்ல தொங்குற சிரிப்பு?" என்று ஒருவர் கேட்க, ஸ்டூடியோக்காரருக்குக் காது சுட்டது.

புழுவய்யா அசருவாரா? "பீங்கானுக்கும் எலும்புக்கும் நடுவுல புழு நுழைஞ்சிடும்" என்றார். "சரிதான், எங்க வீட்டு பீங்கான் ஜாடிக்குள்ளயே எறும்பு போகுதே" என்று பேக்கரிக்காரர் சாட்சி சொன்னார். பதினாலு புழு கொடுத்த கடவுளை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட முடியுமா? மச்சான் வேறு குதித்தார்: "இவர் யாரு? போட்டோக்காரர்! வழுக்கைத் தலையில முடி வெக்கிறவர். ஒரு படத்துல ஆணி வெக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

கூட்டம் ஆமாம் என்றது. வழுக்கைக்கு முடி வைப்பதை ஸ்டூடியோக்காரரால் மறுக்கவும் முடியாது. தொழில் அப்படி. யாரோ அவர் தோளைப் பிடித்து வெளியே தள்ளப் பார்த்தார்கள்.

அப்போதுதான் தங்கை முன்னால் வந்தாள். சட்டியைத் தூக்கித் தண்ணீரை வாசலில் கொட்டினாள். "புதுத் தண்ணி ஊத்துங்க" என்று பேக்கரிக்காரரிடம் நீட்டினாள். அவர் ஊற்றினார். அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த இன்னொரு இரும்பை இடுக்கியால் எடுத்துச் செங்கல்மேல் வைத்தாள்.

"என்னம்மா பண்றே? வாயைத் திற, நான் பார்க்கிறேன்" என்று அய்யா பதறினார்.

"வாய் திறக்க முடியலைங்க. இந்தத் தடவ வாய் இல்லாமலே பார்ப்போம்."

அய்யாவின் டப்பாவிலிருந்து ஒரு பிடி விதையை அள்ளித் தூவினாள். போர்வையால் மூடினாள். உள்ளே ஒரு தலையும் இல்லை. படபட. புகை. விலக்கினாள். புதுத் தண்ணீரில் வெள்ளை வெளேரென்று, வளைந்து சுருண்டு, மிதந்தன.

"பத்தொன்பது" என்றார் கண்டக்டர், வாய் தவறி.

"இது யாரோட பல்லுல இருந்து வந்துச்சு?" என்று கேட்டாள் தங்கை.

புழுவய்யா சட்டியைப் பார்த்தார். சட்டிக்குப் பல் இல்லை. தங்கை ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து எல்லாருக்கும் காட்டினாள். ஊறவைத்த விதையின் முளை. சூட்டில் தோல் வெடித்து, துள்ளித் தண்ணீரில் விழுந்த முளை. இஸ்திரிக்காரர் தன் ஒன்பதை நினைத்து எச்சில் துப்பினார். பேக்கரிக்காரர் தன் பதினாலை யாருக்கும் நினைவூட்டவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது மச்சான் பின்கதவு வழியாகப் போயிருந்தார். அய்யா போர்வையைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தார். அவரை நாலு பேர் சுற்றி நின்று போலீஸ் வரும்வரை போகவிடவில்லை.

தங்கை வேடிக்கை பார்க்க நிற்கவில்லை. சொன்ன வாக்குப்படி அண்ணனோடு ஆட்டோ ஏறினாள். டாக்டரம்மா சீழை வடித்தார், ஊசி போட்டார், திட்டினார். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா வீக்கம் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைச்சிருக்கும்" என்றார். ஸ்டூடியோக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தான் எடுத்த அந்த "பின்" படத்தை நினைத்து வெட்கமில்லாமல் அழுதார்.

பத்து நாள் கழித்து, கெட்ட பல்லை எடுத்துவிட்டுக் கன்னம் வடிந்த தங்கை ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தாள். தெருவே அங்கே கூடியிருந்தது. ரகசியம் போனாலும் போனது, ஸ்டூடியோக்காரர் பீங்கான் பல்லுக்கு ஊர்ப் பொது ஆலோசகர் ஆகிவிட்டார்.

"திருகாணி வெக்கும்போது வலிக்குமா?"

"மரத்துப்போக ஊசி போடுவாங்க. அழுத்துறது தெரியும், சத்தம் கேட்கும். வலி அப்புறம் ரெண்டு மூணு நாள், மாத்திரைக்கு அடங்கும்."

"எதுக்கு அத்தனை மாசம்?"

"எலும்பு பிடிக்கணும்ல. அவசரப்பட்டா ஆடிப்போகும்."

"எல்லாருக்கும் வெப்பாங்களா? சர்க்கரை இருந்தா? துருப்பிடிக்குமா? எத்தனை வருஷம் தாங்கும்? சரியா ஒட்டலன்னா யார் பொறுப்பு? அந்த டாக்டரம்மா எங்க படிச்சாங்க?"

பேக்கரிக்காரர் மட்டும் பதினேழு கேள்வி கேட்டார். ஸ்டூடியோக்காரர் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததை டாக்டரம்மாவிடம் கேட்கச் சொன்னார். தங்கை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கேட்கிறீங்க. படிச்ச டாக்டர் மேல இத்தனை கேள்வி! புழுவய்யாகிட்ட ஒன்னாவது கேட்டீங்களா?" என்றாள்.

பேக்கரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ மட்டும் கேட்டியாக்கும்?"

"கேட்கல. அதனாலதான் சாகப் பார்த்தேன். நம்ம எல்லாரும் அவர் முன்னாடி வாயைத் திறந்தோம். ஒருத்தராவது கேள்வி கேட்கிறதுக்குத் திறந்தோமா?"