கிறுகிறு சாரின் சுழல் நாற்காலி

மும்பையில் லோக்கல் ரயிலைக்கூட நிறுத்திவிடலாம். கிறுகிறு சாரின் நாற்காலி சுற்றுவதை நிறுத்த முடியாது. எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சொல்வேன். தாராவிப் பள்ளிக்கூடத்தில் என் அறிவியல் வகுப்புக்கும் அவருடைய கணக்கு வகுப்புக்கும் நடுவே ஒரு ப்ளைவுட் தட்டிதான். அங்கே தும்மினால் இங்கே என் பிள்ளைகள் "நூறு ஆயுசு" என்பார்கள்.

அது யாரோ ஒரு பெரிய ஆபீசர் கழித்துப் போட்ட நாற்காலி. குர்லா பங்கார் கடையில், பழைய இரும்புக்கு நடுவில் கிடந்தது. ஆட்டோக்காரர் ஏற்ற மாட்டேன் என்றதும், பள்ளிக்கூடம் வரை நடுரோட்டில் உருட்டிக்கொண்டே வந்தார் நம்ம சார். வழியில் போலீஸ்காரர் மறித்து, "கிதர்?" என்றாராம். "ஸ்கூல் சாப், பெல் அடிச்சிருவாங்க!"

இவ்வளவு பாடுபட்டவர் அதில் உட்கார்ந்ததே இல்லை. காலையில் நுழைந்ததும், "ஏல, இன்னைக்கு யாருக்கு ரொம்பக் கஷ்டம்?" என்பார். பெரிய கஷ்டக்காரருக்கு முதல் பீரியட் முழுக்க சிம்மாசனம். தீர்ப்பு வகுப்பினுடையது.

"சார், ஊர்லேர்ந்து சித்தப்பா வந்திருக்காவ. அவுக குறட்டையில கேஸ் சிலிண்டரே நடுங்குது!"

"எங்க அக்காவுக்குப் புது மொபைல், எனக்கு அவளோட பழைய கவர். வெறும் கவர், சார்!"

கவர்தான் ஜெயித்தது. தட்டிக்கு இந்தப் பக்கமும் கைதட்டல். என் தவளை பாடம் அத்தோடு அம்பேல்.

ஒரே ஒரு சட்டம் உண்டு. கஷ்டப்பட்டவரிடம் கேள்வி கேட்கலாம். அட்வைஸ் பண்ணக் கூடாது. பண்ணினால் பீரியட் முடியும்வரை நிற்க வேண்டும். சாரே பலநாள் நின்றிருக்கிறார். அவர் எப்போதும் நிற்பவர்தான் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அந்த வகுப்பில் இசக்கி என்று ஒரு பெண். அம்மாவைத் திருநெல்வேலிப் பக்கம் விட்டுவிட்டு மாமா வீட்டுக்கு வந்தவள். வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. "பேசாத பிள்ளைக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? தீபாவளியிலேர்ந்து வீட்ல முறுக்கு சுத்தட்டும்" என்று அத்தை முடிவுகட்டிவிட்டாள். சார் தினமும் இசக்கியைப் பார்ப்பார். அவள் தலையை ஆட்டுவாள். "சரி தாயி, நாளைக்குப் பாப்போம்."

தீபாவளி நெருங்கும்போது பெரிய டீச்சருக்கு நாற்காலி விஷயம் எட்டியது. வாத்தியார் நிற்க, பிள்ளைகள் சுற்றுவதா? "நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் சார் நுழைந்ததும் முதன்முறையாக நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். "இன்னைக்கு எனக்குத்தாம்ப்பா கஷ்டம். யாரும் போட்டிக்கு வராதீங்க."

"நான் வருவேன்."

புதுக் குரல். நான் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுத் தட்டி இடுக்கில் கண்ணை வைத்தேன். இசக்கி எழுந்து நின்றிருந்தாள்.

"சாருக்கு நாற்காலிதான போவுது? எனக்கு எங்கம்மையே பக்கத்துல இல்ல. போன்ல கேட்டா, நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னே பொய் சொல்லுதேன். நான் அழுதா அவளும் அழுவா."

சார் தேள் கொட்டியவர்போல் துள்ளி எழுந்தார். "எந்திரிச்சுட்டேன் தாயி, எந்திரிச்சுட்டேன்! உக்காரு!"

அவள் உட்காரவும் பெரிய டீச்சர் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அவருக்கும் மனசு இளகிவிட்டது. "அழாதேம்மா. நல்லாப் படி, எல்லாம் சரியாயிடும்" என்றார்.

"அட்வைஸ்!" என்று வகுப்பே கத்தியது. "பெரிய டீச்சர் நிக்கணும்!" தட்டிக்கு இந்தப் பக்கமிருந்தும், "நிக்கணும்!"

பெரிய டீச்சர் சாரை ஒரு முறை முறைத்தார். பிறகு சுவரோரம் போய் நின்றார். பெல் அடிக்கும்வரை நின்றார். நடுவில் மெல்லக் கேட்டார்: "எங்கிட்ட போன் இருக்கு. அம்மாகிட்ட இப்பவே பேசுறியா?" அது கேள்வி என்பதால் அனுமதிக்கப்பட்டது.

அம்மாவும் மகளும் போனில் சேர்ந்து அழுதார்கள். நாற்காலியைத் தூக்கும் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. முறுக்குப் பேச்சும் நின்றது. "இப்போ வாயே மூட மாட்டேங்கா டீச்சர், பள்ளிக்கூடத்துலயே வச்சுக்கிடுங்க" என்றாள் அத்தை.

போன ஜூனில் சாருக்குத் தேவ்நாருக்கு மாற்றல் வந்தது. நாற்காலியை என் வகுப்புக்குள் தள்ளிவிட்டு, "ஒரு வீல் லூஸு டீச்சர், பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. "இன்னைக்கு யாருக்கு ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. இந்த வருஷம் என் வகுப்புக்கு வந்திருக்கும் இசக்கி எழுந்தாள். நாற்காலியைக் கிறீச்சென்று என் பக்கம் உருட்டினாள்.

"உக்காருங்க டீச்சர்."