ஊசிமுனை யார்?

“அப்பா, ஒருத்தர் பேசறதை இன்னொருத்தர் எழுதினா அது யாருக்குச் சொந்தம்?” என்று மகள் ஏழு வயதில் கேட்டாள். “போய் பல்லைத் தேய்” என்றார் தையல் மிஷின் மெக்கானிக். அந்தக் கேள்வி இப்போது திரும்பி வந்து அவர் கழுத்தைப் பிடித்தது.

பழுதுபார்ப்பதை அவர் வீடியோவாகப் போட்டுவந்தார். ஒவ்வொரு வீடியோவின் கீழும் ‘ஊசிமுனை’ என்ற பெயரில் யாரோ அவர் பேசியதை அப்படியே கட்டுரையாக எழுதினார்கள், அவருடைய நகைச்சுவை உட்பட.

“எவனோ என் தொழிலையே புத்தகமாப் போடப் போறான். அப்புறம் என் கடைக்கு யார் வருவா?” என்றார் மனைவியிடம். “எதிர்க்கடைக்காரன்தான். நேத்து என்னைப் பார்த்துச் சிரிச்சான்.”

“சிரிச்சா தப்பா? வீடியோவை நல்லாப் பார்த்தீங்களா?”

“என் மூஞ்சியை நானே பார்க்கவா? நீ பாரேன்.”

“உங்க பேச்சை நேர்ல கேக்கறது போதாதா?”

மறுநாள் வீடியோவில், யாரும் எழுத முடியாதபடி படபடவெனப் பேசினார். கட்டுரை வந்தது. கீழே, ‘அண்ணனுக்கு இன்று அவசரம்’ என்று ஒரு குறிப்பு.

அடுத்த நாள் கிசுகிசுத்தார். ஒரு சொல் விடாமல் வந்தது. ‘சத்தமே இல்லாமல் எவ்வளவு கற்றுத் தருகிறீர்கள்!’ என்று ஒருவர் பாராட்டியிருந்தார். தன் அடக்கம் வெளியே தெரிந்துவிட்டதில் மெக்கானிக்குக் கொஞ்சம் பெருமை.

கடைசியாகப் பொறி வைத்தார். “திருகாணியை இடப்பக்கம் திருப்பணும்” என்று வாய் பொய் சொன்னது. பழகிய கை வலப்பக்கம் திருப்பியது. ‘வலப்பக்கம். அண்ணனுக்கு வாய் தவறினாலும் கை தவறாது’ என்று வந்தது கட்டுரை.

“பார்த்தியா, தொழில் தெரிஞ்சவன்!” என்றார் மனைவியிடம்.

‘துணிவிருந்தால் முகவரி கொடு’ என்று கீழே எழுதினார். உடனே வந்தது: ‘பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தையல்கடை. வாங்க அண்ணா.’

போனார். உள்ளே ஒரு பெண் தைத்துக்கொண்டிருந்தாள். மூன்று முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவள் தங்கைதான் நிமிர்ந்தாள்.

“அக்காவுக்குக் காது கேக்காதுண்ணே. உங்க உதட்டைப் பார்த்துதான் எழுதறா. முன்ன மிஷினை ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போன கடையில எல்லாம் அவகிட்ட கத்தினாங்களாம். உங்க கடையில நீங்க மட்டும் முகத்தை நேரா வெச்சு நிதானமாப் பேசினீங்களாம். அந்தக் கடனுக்குத்தான் இது.”

‘கடவுளே, யாரைத் திருடன் என்றேன்!’ அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். “காது கேக்காதவங்களுக்குச் சரிம்மா. ஊரே ஏன் இந்தக் கட்டுரையைப் படிக்குது?”

தங்கை குரலைத் தாழ்த்தினாள். “அக்காகிட்ட சொல்லிடாதீங்க, அவளுக்கே தெரியாது. முதல் நாள்லேருந்து உங்க வீடியோவுல சத்தமே வர்றதில்லையேண்ணே! அதுதான் உங்க ஸ்டைல்னு எல்லாரும் நினைச்சுட்டாங்க.”

கடைக்குத் திரும்பியதும் எதிர்க்கடைக்காரரைப் பார்த்து அவரே முதலில் சிரித்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, போனின் பேசும் துளையில் உறைந்திருந்த கிரீஸை ஓர் ஊசியின் முனையால் நோண்டி எடுத்தார். போனைத் தன் முகத்துக்கு நேராக நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக, உதடு நன்றாகத் தெரியும்படி பேசத் தொடங்கினார்.