நகரசபை அம்மா எங்கள் சோபாவைத் தூக்கிய விவரம்

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. அது என்றைக்கும் என் பேச்சைக் கேட்டதில்லை என்பதால் அதை விட்டுவிடலாம். அங்கே நீங்களும் மகளும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. "வீட்டைக் கொடுத்துவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள் மாமா, மாடியறை காலியாகத்தான் இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் கண் கலங்கிவிட்டது. மூன்று வாரமாகப் பதில் போடாததற்குக் காரணம் திமிர் இல்லை. என்ன பதில் போடுவது என்பது நகரசபையின் கையில் இருந்தது. இன்று காலைதான் அது என் கைக்கு வந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பாதியில் மகளிடம் படித்துக் காட்ட வேண்டாம். முழுக்கப் படித்த பிறகும் வேண்டாம்.

எங்கள் தெருவை அகலப்படுத்தினார்களே, அப்போது நான் உங்களுக்கு எவ்வளவு பெருமையாக எழுதினேன்! அகலமான தெருவுக்கு அகலமான வரி என்று அப்புறம்தான் தெரிந்தது. வீடு அதே வீடு, சுவரில் அதே விரிசல், குளியலறைக் கதவு அதே மாதிரி தூக்கிச் சாத்தினால்தான் மூடும், வரி மட்டும் பணக்காரன் வீட்டு வரி. நோட்டீஸ் மூன்று வந்தது. மூன்றாவது சிவப்பு எழுத்தில். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்தவன் நான். ஐந்து மாடிக் கட்டடத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை மேலே போனாலும் என் சம்பளம் கீழ்த்தளத்தை விட்டு நகரவே இல்லை. ஓய்வூதியமோ அதற்கும் கீழே. முன்னறையில் உங்கள் அத்தை தையல் மெஷின் போட்டு நாலு பேருக்குச் சட்டையும் திரைச்சீலையும் தைக்கிறாளே, அதனால்தான் அடுப்பு எரிகிறது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "மாப்பிள்ளை வீட்டு மாடியறையில ஜன்னல் எந்தப் பக்கம்ங்க?" தைக்க வெளிச்சம் வேண்டுமே என்ற கவலை. எனக்குத் தெரியாது என்றேன். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போல நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

இந்த நேரத்தில்தான், குறைந்த வருமானம் உள்ள வீடுகளுக்கு நகரசபை வரிச்சலுகை தருகிறது என்று பிளம்பர் சொன்னார். எங்கள் ஒன்பது வீட்டு வரிசையில் முதல் வீட்டுக்காரர், எங்கள் குழாயைச் சரிசெய்ய வந்து குளியலறையைக் குளமாக்கியவர், அவர்தான். யாரோ நண்பருக்காக விசாரித்தாராம். நானும் என் நண்பர் ஒருவருக்காகக் கேட்டுவைத்துக்கொண்டேன். மறுநாள் நகரசபைக்குப் போனால், நாலாவது கவுன்டருக்கு மேலே ஆள் உயரத்துக்கு எழுதிப்போட்டிருக்கிறார்கள்: 'குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வரிச்சலுகை'. அதற்கு முன்னால் ஈ காக்கை இல்லை. பழைய கட்டடத்து ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது? ஐந்தாவது கவுன்டரில் நல்ல கூட்டம். அந்த வரிசையில் போய்க் கௌரவமாக நின்றுகொண்டேன், யாரும் பார்க்காத நேரத்தில் பக்கத்துக் கவுன்டருக்கு நழுவிவிடலாம் என்று. பத்து நிமிடம் கழித்துத்தான் தலைக்கு மேலே இருந்த பலகையைப் படித்தேன். நாய் வளர்க்க உரிமம். எனக்கு முன்னால் நின்றவர் அப்போது பார்த்துத் திரும்பினார். பிளம்பர். அவருக்கு முன்னால் மூன்றாவது வீட்டு எலக்ட்ரீஷியன். எங்கள் மூன்று வீட்டிலும் நாய் இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"என்ன, நாயா?" என்றேன்.

"வாங்கலாம்னு ஒரு யோசனை," என்றார் பிளம்பர். எலக்ட்ரீஷியன் சுவரில் இருந்த சுவிட்ச் போர்டை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

என் முறை வந்தது. கவுன்டரில் ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். "சொல்லுங்க ஐயா, என்ன நாய்?" என்றார். "சின்ன நாய்தாங்க," என்றேன். "பேரு?" என்றார். மாப்பிள்ளை, மூன்று பேரப்பிள்ளைகளுக்குப் பெயர் தேர்ந்தெடுத்தவன் நான், ஒரு நாய்க்குப் பெயர் வாயில் வரவில்லை. அந்த அம்மா சிரிக்கவே இல்லை. மேஜைக்கு அடியில் குனிந்து ஒரு பச்சை ஃபாரத்தை எடுத்து நாலாக மடித்து என் கையில் வைத்தார். "இது நாய் இல்லாதவங்களுக்கு ஐயா. அந்தப் பலகைக்குக் கீழே யாருமே நிக்க மாட்டேங்கறாங்க, எல்லாரும் இங்க வந்துதான் நிக்கறாங்க. அதான் சலுகை ஃபாரத்தையே இங்க கொண்டுவந்து வெச்சுட்டோம். நான்தான் அந்தப் பிரிவு. உட்கார்ந்து நிரப்புங்க, புரியாததை விட்டுடுங்க, நான் கேட்டு எழுதிக்கறேன்" என்றார். நிரப்பிக் கொடுத்தேன். கையெழுத்தைப் பார்த்தவர், "சாக்கடை மூடியைப் பத்தி எழுதறவர் நீங்கதானா? உங்க கையெழுத்து ரொம்ப அழகு, நாங்க எல்லாரும் படிப்போம்" என்றார். நகரசபைக்கு இதுவரை அறுபத்திரண்டு புகார்க் கடிதம் எழுதியிருக்கிறேன். அத்தனையையும் படித்திருக்கிறார்கள்! மூடி இன்னும் போடவில்லை என்பது வேறு விஷயம். இந்த வாயால் நகரசபையைப் புகழ வேண்டிவந்துவிட்டதே என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது.

"வர்ற வியாழக்கிழமை வீட்டைப் பார்க்க வருவேன்" என்று சொல்லி அனுப்பினார். பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் அதே பச்சை ஃபாரம், அதே வியாழக்கிழமை. இனிமேல் எழுதப்போவதுதான் விஷயம். மாப்பிள்ளை, நீங்கள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது சிவப்புச் சோபாவில் உட்கார்ந்து, "ரொம்ப வசதியா இருக்கு மாமா" என்றீர்களே, அந்தச் சோபா எங்களுடையது இல்லை. அது ஒன்பது வீட்டுச் சோபா. ஓர் அலுவலகத்தைக் காலிசெய்தபோது எல்லாருமாகச் சேர்ந்து வாங்கியது. யார் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்களோ அன்றைக்குப் பின்சந்து வழியாக அந்த வீட்டுக்குப் போய்விடும். எந்தத் தேதி யாருக்கு என்று பிளம்பர் வீட்டு காலண்டரில் குறித்திருக்கும். நீங்கள் வந்த ஒவ்வொரு முறையும் எங்கள் பெயரில் குறித்திருந்தது. எட்டு வருஷமாக இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் நீங்கள் அதில் சாய்ந்து உட்கார்ந்ததும் விட்டுவிடுவேன். மன்னிக்க வேண்டும்.

வியாழக்கிழமை அந்த அம்மா வருகிறார் என்றதும் மூன்று வீட்டிலும் முதலில் பேசியது சோபாவைப் பற்றித்தான். உங்கள் அத்தை மட்டும், "ஏங்க, நம்மகிட்ட வசதி இல்லைன்னு காட்டத்தானே அவங்களை வரச்சொல்லியிருக்கோம்? அதுக்கு எதுக்கு சோபா?" என்றாள். "இல்லைங்கறதை ஃபாரத்துல எழுதிக் கொடுத்தாச்சு. வீடு தேடி வர்றவங்களை எங்க உட்காரவைக்கறது, பெஞ்சுலயா?" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். திட்டம் இதுதான்: முதல் வீட்டில் அந்த அம்மா எழுதி முடித்ததும், பிளம்பரின் மனைவி அவரைக் குழாயடிக்கு அழைத்துப்போய் நகரசபைத் தண்ணீரின் நிறத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். அதற்குள் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் சோபாவைப் பின்சந்து வழியாக எங்கள் வீட்டில் இறக்க வேண்டும். பிறகு எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு. எல்லாம் சொன்னபடி நடந்தது. பிளம்பருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது மட்டும் திட்டத்தில் இல்லாதது.

அந்த அம்மா வந்து உட்கார்ந்தார். சோபாவைத் தடவிப் பார்த்தார். "நல்ல சோபா. எப்போ வாங்கினது?" என்றார். "மகளோட கல்யாணத்துக்குங்க" என்று துணிந்து ஒரு பொய் சொன்னேன். அவர் இருக்கையின் இடுக்கில் விரலைவிட்டு எதையோ வெளியே எடுத்தார். பேனா மூடி. கையில் இருந்த பேனாவில் அதைப் பொருத்திப் பார்த்தார். டக்கென்று உட்கார்ந்துகொண்டது. "முதல் வீட்டுல விழுந்துடுச்சுன்னு தேடிக்கிட்டே வந்தேன். எனக்கு முன்னாடியே வந்துடுச்சு போல" என்றார். தையல் மெஷினின் சத்தம் நின்றுவிட்டது. சரியாக அந்த நேரத்தில் பின்கதவைத் திறந்துகொண்டு எலக்ட்ரீஷியன் தலையை நீட்டி, "எந்திரிச்சாச்சா? தூக்கலாமா?" என்றார்.

போச்சு, எல்லாம் போச்சு, மாடியறைதான் என்று முடிவுசெய்துவிட்டேன். பொய் சொன்னவனுக்கு எந்தச் சலுகை தருவார்கள்? எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். காலண்டரைச் சொன்னேன், உங்களைச் சொன்னேன், நாயைக்கூடச் சொன்னேன். அந்த அம்மா உங்கள் அத்தையின் மெஷினைப் பார்த்தார், சுவர் விரிசலைப் பார்த்தார், மூலையில் போர்வையைப் போட்டு நாங்கள் மூடிவைத்திருந்த பெஞ்சைப் பார்த்தார். அப்புறம் ஃபாரத்தில் 'வீட்டில் உள்ள பொருட்கள்' என்ற இடத்தில் பேனாவை வைத்து, "பெஞ்சு ஒண்ணு, தையல் மெஷின் ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "சோபா?" என்றேன். "அது பொருள் இல்லைங்க ஐயா, மரியாதை. அதுக்கு எங்க ஃபாரத்துல கட்டம் கிடையாது" என்றார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதோடு முடியவில்லை. பிளம்பர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சந்தில் உட்கார்ந்துவிட்டார். என் முழங்கால் விஷயம் உங்களுக்குத் தெரியும். "அடுத்த வீட்டுக்கு நானும்தானே போகணும், ஒரு கை பிடிக்கறேன்" என்று அந்த அம்மா ஃபைலைச் சோபாவின் மேல் வைத்து, ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டார். பின்சந்து வழியாகக்கூட இல்லை, தெரு வழியாக! மூச்சு வாங்க எலக்ட்ரீஷியன் வீட்டில் அதை இறக்கி, அதிலேயே உட்கார்ந்து, "சொல்லுங்க, வருமானம் எவ்வளவு?" என்று கேட்டாராம். மாப்பிள்ளை, ஏறுகிறவர்களைப் பார்த்ததும் எந்த மாடிக்கு என்று சொல்லிவிடுவேன் நான். எங்கள் கட்டடத்தில் மேலாளர்கள் எல்லாம் ஐந்தாவது மாடி. இந்த அம்மாவை இறக்கிவிட அங்கே மாடி போதாது.

இன்று காலை உத்தரவு வந்தது. வரியில் முக்கால் பங்கு தள்ளுபடி. மீதியை மாதாமாதம் கட்டினால் போதும். மூன்று வீட்டுக்கும் கிடைத்துவிட்டது. உங்கள் அத்தை உத்தரவை இரண்டு முறை படித்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். அந்தச் சத்தம் இன்னும் நிற்கவில்லை, அதைக் கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆகவே மாடியறைக்கு நாங்கள் வரவில்லை. கூப்பிட்ட உங்கள் மனசுக்கு ஆயிரம் நன்றி. இன்னொன்றும் முடிவுசெய்துவிட்டேன். இனி எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், நகரசபைத் தலைவரே வந்தாலும், எங்கள் சொந்தப் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். மறைக்க ஒன்றுமில்லை. இருப்பது இதுதான், நாங்கள் இப்படித்தான்.

எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். குட்டிகளுக்கு ஆளுக்கொரு முத்தம், மகளுக்கு இரண்டு.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: பதினாலாம் தேதி எல்லாருமாக வருவதாக எழுதியிருந்தீர்கள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் அன்றைக்குச் சோபா எலக்ட்ரீஷியன் பெயரில் குறித்திருக்கிறது. பதினைந்தாம் தேதி வர முடியுமா?

மாப்பிள்ளை, கடிதத்தைத் தபாலில் போடச்சொல்லி உங்க மாமா என்னிடம் கொடுத்தார், அதனால் அத்தை இரண்டு வரி எழுதுகிறேன். பதினாலாம் தேதியே வாங்க. நீங்க இரண்டாவது தடவை வந்துட்டு ஊருக்குக் கிளம்பினப்பவே எலக்ட்ரீஷியன் வீட்டுல அதே சோபாவைப் பார்த்துட்டீங்கன்னு மக எனக்கு அப்பவே சொல்லிட்டா. எட்டு வருஷமா தெரியாத மாதிரியே உட்கார்ந்திருக்கீங்க. நானும் இவர்கிட்ட சொல்லலை, நீங்களும் சொல்லாதீங்க. பெஞ்சைத் துடைச்சு வெச்சிருக்கேன்.